மசாஜ் போய்ட்டு வந்ததுல இருந்து மனசு ஓடலை. எச்.ஐ.வி., மத்த நோய் வர வாய்ப்பு இருக்கா?

மைக்ரான்_கணக்கு:

அண்ணன்மாருங்க, அக்காமாருங்க எல்லாருக்கும் வணக்கம். ஊரு காவேரிப்பட்டணம் பக்கம். வேலை ஓசூர் சிப்காட்ல, வண்டி உதிரிபாகம் செய்யற ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன். ஷிஃப்ட் பூரா மைக்ரோமீட்டரும் கையுமா நிக்கணும். பத்து மைக்ரான் கூடினாலும் பீஸைத் தூக்கி சிவப்புத் தொட்டியில போட்டுருவேன். இதை எதுக்குச் சொல்றேன்னா, "வாய்ப்பு ரொம்பக் கம்மி, கவலைப்படாதே"ன்னு யாராவது சொன்னா எனக்கு அது பதிலாவே தெரியறதில்லை. கம்மின்னா எவ்வளவு கம்மி? பூஜ்யமா, இல்லையா? அதைக் கேக்கத்தான் வந்தேன்.

நைட் ஷிஃப்ட்ல நின்னு நின்னு இடுப்புக்கு மேல பிடிச்சுக்கிச்சு. திரும்பிப் படுக்க முடியலை. கூட ரூம்ல இருக்கறவன், பெங்களூர்ல ஒரு இடம் தெரியும், நல்லா அழுத்திவிடுவாங்கன்னான். ஒரு ஞாயித்துக்கிழமை அத்திப்பள்ளி தாண்டிப் போனோம். கண்ணாடிக் கதவு, ஊதுவத்தி வாசனை, மேசை மேல பிள்ளையார். முதுகுக்கு எண்ணெய் போட்டு நெசமாவே நல்லாத்தான் அழுத்துனாங்க. முடியற நேரத்துல அந்தப் பொண்ணு கன்னடத்துல மெதுவா என்னமோ கேட்டுச்சு, நான் தலையாட்டினேன். கையாலதான். வேற எதுவும் கிடையாது. உறவு இல்லை, வாய் வைக்கலை, முத்தம் இல்லை.

இது சரியா தப்பான்னு பேச நான் வரலை. திட்டணும்னு தோணுறவங்க தனி மெசேஜ்ல திட்டுங்க, படிச்சுக்கறேன். இங்க எனக்கு வேண்டியது உடம்பு சங்கதி மட்டும்.

ரெண்டு விஷயம்தான் என்னைத் தூங்க விடலை. முந்தின நாள் அந்த இடத்துல ஷேவ் பண்ணியிருந்தேன், பிளேடு பட்டு லேசான கீறல் இருந்துச்சு. அப்புறம், அந்தப் பொண்ணு கட்டைவிரல்ல பிளாஸ்திரி ஒட்டியிருந்துச்சு. உள்ள கூப்பிடறப்பவே பாத்தேன். அப்ப ஒண்ணும் தோணலை. வீட்டுக்கு வந்து போன்ல தேட ஆரம்பிச்சப்புறம் கண்ண மூடினா அந்தப் பிளாஸ்திரிதான் தெரியுது.

நடந்து ஒரு மாசம் ஆகப் போகுது. நாக்கு வெள்ளையா இருக்கான்னு பெட்ரோல் பங்க்ல வண்டிக் கண்ணாடியில பாக்கறேன். கழுத்துல நெறி கட்டியிருக்கான்னு அமுக்கி அமுக்கி இப்ப அமுக்கின இடமே வலிக்குது. ஒண்ணுக்குப் போனா எரியற மாதிரி இருக்கு, கூர்ந்து கவனிச்சா எரியலை. லீவுக்கு ஊருக்குப் போனா அக்கா பொண்ணு ஓடி வந்து என் தட்டுல கை வைக்குது, நான் தட்டை இழுத்துக்கறேன். "குழந்தைய ஏன்டா விரட்டற"ன்னு அம்மா கேட்டாங்க. அம்மா களி கிண்டி கீரைக் குழம்பு வெச்சா பாதியில எந்திரிச்சுடறேன். இளைச்சுட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. இளைக்கறதும் அந்த நோயோட அறிகுறின்னு போட்டிருக்கான்.

தை மாசம் கல்யாணம். டெஸ்ட் எடுக்கலாம்னா, கிருஷ்ணகிரி ஜி.எச்.ல எங்க பெரியம்மா பொண்ணு நர்ஸு. தருமபுரியில பொண்ணு வீட்டுச் சொந்தக்காரர் ஒருத்தர் லேப் வெச்சிருக்காரு. எங்க போய் நின்னாலும் "என்ன மாப்ளே, இந்தப் பக்கம்?"னு ஒரு குரல் வரும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க: வருமா வராதா, டெஸ்ட் வேணுமா, வேணும்னா எப்ப, எங்க?


ஹைவே44:

தம்பி, நான் பன்னெண்டு வீல் ஓட்டறவன். தொப்பூர் கணவாய் ஏறி இறங்கியே தலை நரைச்சுப் போச்சு. "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?"ன்னு ஊர் ஊரா போர்டு வெச்ச காலத்துல இருந்து இந்தப் பேச்சைக் கேட்டுட்டு இருக்கேன். புண்ணும் புண்ணும் பட்டா வரும்னுதான் எங்களுக்கெல்லாம் சொன்னாங்க. கையில பிளாஸ்திரி இருந்துச்சுன்னா உள்ள புண்ணு இருக்கும்ல? ரிஸ்க் எடுக்காத. எச்.ஐ.வி. வராம தடுக்க ஒரு மாத்திரை இருக்காம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டு வாங்கிப் போடு. காசு பாக்காத.


நம்பிக்கை_அக்கா:

தம்பி, நான் தருமபுரி மாவட்டத்துல ஒரு நம்பிக்கை மையத்துல ஆலோசகரா இருந்தவ. அரசு ஆஸ்பத்திரியில எச்.ஐ.வி. பரிசோதனை செய்யற இடத்துக்குத்தான் நம்ம ஊர்ல அந்தப் பேரு. இப்ப அந்த வேலையில இல்லை. ஆனா இதே கேள்வியோட என் மேசைக்கு எதிர்ல உக்காந்தவங்க நிறையப் பேரு. நேரா வாய் திறந்து கேட்டவங்க கம்மி. "ஒரு ஃப்ரெண்டுக்கு" கேக்க வந்தவங்கதான் அதிகம்.

கையால செஞ்சதுல எச்.ஐ.வி. வராது. கம்மின்னு நான் சொல்லலை. வராதுன்னு சொல்றேன். உங்க சிவப்புத் தொட்டிக்கு இது போதும்னு நினைக்கறேன், இருந்தாலும் காரணத்தையும் சொல்லிடறேன். காரணம் தெரியலைன்னா நாளைக்கு ராத்திரி மறுபடி போனைத் திறப்பீங்க.

எச்.ஐ.வி. ரத்தம், விந்து, பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் இது வழியாத்தான் பரவும். அதுவும் உடலுறவு, ஊசி, ரத்தம் ஏத்தறது, தாய்கிட்ட இருந்து குழந்தைக்கு, இப்படி நேரா உள்ள போகணும். தோலு அதுக்கு மதில் சுவர். உடம்புக்கு வெளிய வந்து காத்துல காயற நிமிஷத்துல இருந்து அந்தக் கிருமி தன் சக்திய இழந்துட்டே வரும். முந்தின நாள் பிளேடு பட்ட கீறல் மறுநாளைக்குள்ள மூடிக்கும். அந்தப் பொண்ணு விரல்ல இருந்தது ஒட்டின பிளாஸ்திரி, அதாவது புண்ணை மூடி வெச்சிருக்கு. ரெண்டு பக்கமும் ரத்தம் ஒழுகற புண்ணு ஒண்ணோட ஒண்ணு அழுந்தியிருந்தாத்தான் பேச்சே ஆரம்பிக்கும். அப்படி ஒரு புண்ணு உங்களுக்கு அங்க இருந்திருந்தா, எண்ணெய்க் கை பட்ட உடனே நீங்க கட்டில்ல இருந்து குதிச்சிருப்பீங்க. முதுகுவலி தனியா மறந்து போயிருக்கும்.

தட்டு, டம்ளர், துண்டு, கொசு, கக்கூஸ், எச்சில், வியர்வை எதுலயும் வராது. அக்கா பொண்ணு தட்டுல கை வெச்சா வெச்சுட்டுப் போகட்டும், ஊட்டியும் விடுங்க. இதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும், அந்த வரியப் படிச்சப்பதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

மத்த நோய்களைப் பத்தியும் கேட்டிருக்கீங்க. அங்க ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியாது. வெட்டை நோய், அதாவது கொனோரியா, உறவு இல்லாம கைப்பட்டு வர்றதுக்கு வழியில்லைன்னே வெச்சுக்கலாம். வந்திருந்தா பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள்ள ஆண்குறியில இருந்து சீழ் வரும், ஒண்ணுக்குப் போறப்ப "எரியற மாதிரி" இருக்காது, எரியும். கிளமிடியாவும் கிட்டத்தட்ட அதே ரகம், கொஞ்சம் மெதுவா தெரியும். சில பேருக்குத் தெரியாமலும் இருக்கும். சிபிலிஸ், நம்ம பெரியவங்க மேகப்புண்ணுன்னு சொன்னது, அந்தப் புண்ணு நேரா உங்க மேல பட்டாத்தான் ஒட்டும். 10 நாள்ல இருந்து 90 நாளுக்குள்ள, பொதுவா மூணு வாரத்துல, வலியே இல்லாத ஒரு புண்ணு வரும். வலிக்கலைன்னு விடறதுதான் அதுல ஆபத்து. நீர்க்கொப்புளமா வர்ற ஹெர்பிஸ், மரு, நடுவுல குழி விழுந்த சின்ன முத்துப் பரு, இதெல்லாம் தோலும் தோலும் உரசி வர்ற ரகம். கையில இருந்து வர்றது அபூர்வம்தான், ஆனா உங்களுக்குப் பூஜ்யம்னு எழுதித் தர மாட்டேன்.

மசாஜ்ல நெசமாவே ஒட்டிக்கிட்டு வரக்கூடியது ஒண்ணு இருக்கு, அதை யாரும் தேடறதில்லை: சொறி, ஸ்கேபீஸ். ரொம்ப நேரம் தோலோட தோல் படறதுதானே மசாஜு. முதல் தடவை வர்றவங்களுக்கு 2-ல இருந்து 6 வாரம் கழிச்சு அரிப்பு ஆரம்பிக்கும், ராத்திரியில தாங்காது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுத்தி, ஆண்குறி மேல சின்னச் சின்னப் பொரி. அப்படி ஏதாவது இருந்தா சொல்லுங்க. இது பயப்படற நோயில்லை, கிரீம்ல போகும். ஆனா கூட இருக்கற எல்லாரும் ஒரே நாள்ல போடணும்.

ஹைவே அண்ணா, நீங்க நல்ல மனசுல சொன்னீங்க. அந்த மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு 28 நாள் தொடர்ந்து போடணும். ஒரு மாசம் கழிச்சுப் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. இந்தத் தம்பி முதல் நாளே போய்க் கேட்டிருந்தாலும் டாக்டர் எழுதியிருக்க மாட்டாரு.

டெஸ்ட் விஷயம். நடந்த சம்பவத்துக்காகத் தேவையில்லை. ஆனா கல்யாணம் வருது, இதுவரைக்கும் எடுத்ததும் இல்லை போல. ஒரு தடவை எடுங்க. நம்பிக்கை மையத்துல இலவசம், முடிவு பெரும்பாலும் அன்னைக்கே தெரிஞ்சுடும். முன்னாடி ஒரு ஆலோசகர் பேசுவாங்க, உங்க சம்மதம் வாங்குவாங்க, ரத்தம் எடுப்பாங்க, அப்புறம் முடிவை உங்ககிட்ட மட்டும் சொல்லுவாங்க. முதல் டெஸ்ட்ல ஏதாவது காட்டினா, வேற வேற கிட்ல இன்னும் ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் "இருக்கு"ன்னு சொல்லுவாங்க. அங்க போடற உடனடி டெஸ்ட்டுக்கு முழு உறுதி மூணு மாசத்துல. வெளி லேப்ல ஆன்டிஜென் (கிருமியோட பாகம்), ஆன்டிபாடி (உடம்பு அதை எதிர்க்கச் செய்யற பொருள்) ரெண்டையும் சேத்துப் பாக்கற டெஸ்ட்டு இருக்கு, ரத்தக் குழாய்ல எடுத்து லேப்ல பாக்கறது, அதுக்கு 45 நாள் போதும். கூடவே சிபிலிஸுக்கான வி.டி.ஆர்.எல்.லும் எடுத்துடச் சொல்லுங்க.

எங்கன்னா, கிருஷ்ணகிரி வேண்டாம்னா ஓசூர் கவர்மென்ட் ஆஸ்பத்திரி இருக்கு, ஷிஃப்ட் முடிஞ்சு நேரா போயிடலாம். அதுவும் கண்ணுக்குப் படும்னா சேலம் மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரி. அந்தக் கூட்டத்துல உங்க பெரியம்மாவே வந்தாலும் உங்களைக் கண்டுபிடிக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க: எச்.ஐ.வி. சட்டம் 2017-ல வந்து 2018 செப்டம்பர்ல இருந்து அமல்ல இருக்கு. உங்க சம்மதம் இல்லாம டெஸ்ட் பண்ணக் கூடாது, முடிவை வெளிய சொல்லக் கூடாது. பெரியம்மா பொண்ணுக்கும் அது பொருந்தும். யார் முகத்தையும் பாக்காம பேசணும்னா 1097-க்குப் போன் போடுங்க, கட்டணம் கிடையாது, தமிழ்லயே பேசலாம்.

நாக்கு, நெறி, இளைப்பு எல்லாம் எழுதியிருக்கீங்க. தூக்கம் இல்லை, சாப்பாடு பாதி, கழுத்தை நீங்களே அமுக்கறீங்க. அந்த உடம்பு இளைக்காம என்ன பண்ணும்? நான் பாத்ததுல டெஸ்ட் "இல்லை"ன்னு வந்தப்புறமும் வேற வேற ஊர்ல போய் மறுபடி மறுபடி எடுத்தவங்க உண்டு. நீங்க ஒரு பீஸை அளந்து ஓகே போட்டுட்டு, அதையே திரும்ப எடுத்து எடுத்து அளந்துட்டு இருந்தா உங்க சூப்பர்வைசர் என்ன சொல்லுவாரு? சரியான நாள்ல ஒரு தடவை, அதோட நிறுத்தணும். நிறுத்த முடியலைன்னா அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல ஒரு தடவை பேசுங்க. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்லை.

கடைசியா ஒண்ணு. இந்தக் கேள்விய என்கிட்டக் கேட்ட அத்தனை பேரும் "அந்தப் பொண்ணுகிட்ட இருந்து எனக்கு வருமா"ன்னுதான் கேட்டாங்க. அந்தப் பொண்ணு ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தொடுது, அதுக்கு என்ன வரும்னு ஒருத்தரும் கேட்டதில்லை.


பரிசல்_துறை:

நான் கேக்கறேன் அக்கா. எங்கப்பா ஒகேனக்கல்ல மாலிஷ் போடறவரு. அதனால இந்தக் கேள்வி எங்க வீட்டுக் கேள்வி.

முதல்ல என் கோவத்தைச் சொல்லிடறேன். மசாஜுன்னு சொன்னாலே இப்பெல்லாம் பசங்க வாயைப் பொத்திட்டுச் சிரிக்கறானுங்க. எங்கப்பா நடு வெயில்ல, பாறை மேல, ஊரு கண்ணு முன்னாடி, ஜட்டியோட உக்காந்த ஆளுக்கு எண்ணெய் போட்டுத் தட்டுறாரு. அந்தச் சத்தம் பரிசல் துறை வரைக்கும் கேக்கும். முடிஞ்சதும் அருவியில போய் நில்லுன்னு அனுப்பிடுவாரு. காவிரியில தண்ணி வரத்து ஏறி குளிக்கத் தடை போட்டாங்கன்னா அன்னைக்கு அடுப்பு எரியறது சந்தேகம். இந்த வேலைக்கும் அந்தக் கண்ணாடிக் கதவுக்கும் ஒரே பேரு.

அவரு ஒரு ஆளைப் பாத்ததும் முதல்ல தொடை இடுக்கு, அக்குளு, விரல் இடுக்கு பாப்பாரு. படை, சொறி இருந்தா "இன்னைக்கு வேண்டாம் சாமி, ஆறினப்புறம் வாங்க"ன்னு சொல்லிடுவாரு. நகம் எப்பவும் ஒட்ட வெட்டியிருப்பாரு. கையில வெட்டுக்காயம் இருந்தா தொழிலுக்குப் போக மாட்டாரு. இதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனா அவருக்கு ஒரு தடவை மணிக்கட்டுல ஆரம்பிச்ச அரிப்பு வீட்டுல எங்க எல்லாருக்கும் வந்து, பாட்டி வரைக்கும் சொறிஞ்சுட்டு இருந்தோம். அது நீங்க சொன்ன அந்தச் சொறிதானா? கையுறை போட்டுட்டு மாலிஷ் பண்ண முடியாதே, வழுக்கும். என்ன பண்ணலாம்?

தம்பி மைக்ரான், முதுகு இன்னும் பிடிச்சிருந்தா ஒகேனக்கல் வாங்க. பென்னாகரம் வழியா பஸ் இருக்கு.


நம்பிக்கை_அக்கா:

அதேதான்ப்பா. வீட்டுல ஒருத்தருக்கு மட்டும் மருந்து போட்டா அது சுத்திச் சுத்தி வரும். பெர்மெத்ரின் 5 சதவீத கிரீம், கழுத்துல இருந்து கால் விரல் வரைக்கும் ராத்திரி தடவி காலையில குளிக்கணும், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. துணி, போர்வை எல்லாம் வெந்நீர்ல போட்டு வெயில்ல காய வைக்கணும். எண்ணெய்யில கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தா டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் போடணும். அதாவது வீட்டுல இருந்தான்னு எழுத வந்தேன், உங்க எண்ணெய் என் விரலுக்கும் வந்துருச்சு. உங்கப்பாவுக்குக் கையுறை வேண்டாம். ஒவ்வொரு ஆளுக்கும் நடுவுல சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், துண்டு அவங்கவங்க துண்டு. அவரு பாத்துப் பாத்து அனுப்பறாரே, அது ஒரு தோல் டாக்டர் செய்யற வேலை.


மைக்ரான்_கணக்கு:

அக்கா, படிச்சுட்டு ரெண்டு நாள் அமைதியா இருந்தேன். நேத்து அக்கா பொண்ணுக்குப் போன் பண்ணிப் பேசினேன்.

ஆனா ஒண்ணை முதல்ல எழுதாம விட்டேன், வெக்கமா இருந்துச்சு. தொடை இடுக்குல அரிப்பு இருக்கு. மசாஜுக்கு ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு வந்துச்சு. ராத்திரி மட்டும்னு இல்லை, ஷிஃப்ட்ல வேர்த்தா அதிகம். ரூம்மேட் ஒரு கிரீம் கொடுத்தான், மெடிக்கல்ல கேட்டு வாங்கினது, டியூப் மேல நாலு மருந்துப் பேரு இருந்துச்சு. போட்ட ரெண்டாம் நாளே நின்னு போச்சு. விட்டதும் முன்னைவிடப் பெரிசா, ஓரம் சிவந்து வளையம் வளையமா வருது. மறுபடி போட்டேன், நின்னுச்சு, விட்டேன், இப்ப பின்பக்கம் வரைக்கும் போயிருச்சு. இன்னொண்ணு, ஆண்குறி மொட்டைச் சுத்தி ஓரத்துல வரிசையா சின்னச் சின்ன வெள்ளை முத்து இருக்கு. முன்னாடியே இருந்துச்சா, இப்ப வந்துச்சான்னு எனக்கே தெரியலை. இதுக்கு முன்னாடி யாரு அவ்வளவு உத்துப் பாத்தா?


மருந்துக்கடை_பாலக்கோடு:

சார், அந்த டியூப்பைக் குப்பையில போடுங்க. நான் விக்கற பொருளைத்தான் சொல்றேன்.

நாலு மருந்துல ஒண்ணு ஸ்டீராய்டு. கொஞ்சம் வீரியமானதாவே இருக்கும். அரிப்பை உடனே அடக்கறது அதுதான். ஆனா உங்களுக்கு வந்திருக்கறது நீங்க எழுதின விதத்துல பாத்தா படர்தாமரை, பூஞ்சை. ஸ்டீராய்டு தோலோட எதிர்ப்பைக் குறைச்சு பூஞ்சைக்கு இடம் விட்டுக் கொடுக்குது. அதான் நிக்குது, விட்டா பெரிசாகுது. இந்தியா முழுக்க படர்தாமரை இப்ப சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாமப் போனதுக்கு இந்த மாதிரி கலப்பு டியூப்பும் ஒரு காரணம்னு தோல் டாக்டருங்க கத்திட்டே இருக்காங்க. தொடை இடுக்குல ரொம்ப நாள் போட்டா தோல் மெலிஞ்சு கோடு கோடா வரி விழும், அது போகாது. எங்க கடைக்கு வர்றவங்க "அந்த வெள்ளை டியூப் கொடுங்கண்ணா, போன தடவை நல்லா கேட்டுச்சு"ன்னுதான் கேக்கறாங்க. டாக்டர் சீட்டு வேணும்னு சொன்னா அடுத்த கடைக்குப் போயிடறாங்க.

இதுக்கும் அந்தப் பொண்ணுக்கும் சம்பந்தம் இருக்கணும்னு அவசியமே இல்லை. சிப்காட் யூனிஃபார்ம் பாலியஸ்டர், உள்ள இறுக்கமான ஜட்டி, மேல ஜீன்ஸ், எட்டு மணி நேரம் நிக்கற வேலை. ரூம்மேட் கையில அந்த டியூப் ஏற்கெனவே எதுக்கு இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாத்தீங்களா? துண்டு, லுங்கி மாத்திக் கட்டறீங்களா?

தோல் டாக்டரைப் பாருங்க. சொறியா படையான்னு அவரு கண்ணால பாத்துச் சொல்லிடுவாரு, தேவைன்னா லேசாச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாப்பாரு, அது உங்களுக்குப் பிடிக்கும். அந்த வெள்ளை முத்து வரிசையையும் காட்டுங்க. ஓரத்துல ஒரே சைஸ்ல வரிசையா இருந்தா அது நிறைய ஆம்பளைங்களுக்கு வயசுக்கு வந்தப்புறம் தானா வர்றது, நோயில்லை, ஒட்டாது. கிள்ளாதீங்க, சுடாதீங்க. ஒருத்தர் சுண்ணாம்பு வெச்சுட்டு வந்தாரு, அந்தக் கதை வேண்டாம்.

இன்னொண்ணு, பயத்துல அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின்னு ஆன்டிபயாடிக் மாத்திரைய நீங்களா வாங்கிப் போடாதீங்க. நெசமா ஏதாவது இருந்தா அரசு ஆஸ்பத்திரி சுகவாழ்வு மையத்துல, அதாவது பால்வினை நோய்ப் பிரிவுல பாத்து மருந்தும் சேத்து இலவசமாத் தர்றாங்க.


ஹைவே44:

அக்கா, அப்ப அந்த 72 மணி நேர மாத்திரை யாருக்குத்தான்? எங்க ஆளுங்களுக்குச் சொல்லணும். பாதிப் பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது, எனக்கும் அரைகுறையாத்தான் தெரிஞ்சிருக்கு.


நம்பிக்கை_அக்கா:

நல்ல கேள்விண்ணா. முன்பின் தெரியாதவங்களோட உறை இல்லாம உறவு, இல்லை உறை கிழிஞ்சு போச்சு. அடுத்தவருக்குக் குத்தின ஊசி குத்திருச்சு. யாரோ பலாத்காரம் பண்ணிட்டாங்க. இந்த மாதிரி நேரத்துக்குத்தான். மணி பாக்காம, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு சீக்கிரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகணும். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் எதுவா இருந்தாலும் உங்க ரோட்டு மேலயேதான். நாளைக்கு லோடு இறக்கிட்டுப் போறேன்னு சொல்லக் கூடாது. போடலாமா வேண்டாமான்னு டாக்டர் முடிவு பண்ணுவாரு. ஆனா எல்லாத்துக்கும் முன்னாடி வண்டியில உறை இருக்கட்டும்ணா.


மைக்ரான்_கணக்கு:

ஓசூர்ல தோல் டாக்டரைப் பாத்தேன். படர்தாமரைதான். சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாத்தாங்க, நானும் எட்டிப் பாத்தேன், நூல் நூலா இருந்துச்சு. முத்து வரிசை ஒண்ணுமில்லைன்னுட்டாரு, அதைச் சொல்ல அவருக்கு அஞ்சு செகண்டு கூட ஆகலை. மாத்திரை, தனி கிரீம் எழுதியிருக்காரு.

அப்படியே நம்பிக்கை மையத்துக்கும் போனேன். உக்காந்திருந்த மேடம் என் முகத்தைப் பாத்து "தூங்கி எவ்வளவு நாளாச்சு"ன்னுதான் முதல்ல கேட்டாங்க. டெஸ்ட் எடுத்தாங்க, இல்லைன்னு வந்துச்சு. சிபிலிஸும் இல்லை. ஆனா மூணு மாசம் முடிஞ்சதும் ஒரு தடவை வாங்கன்னு சொன்னாங்க. அதைக் கேட்டதும் மறுபடி வயித்தைக் கலக்குது. சந்தேகம் இருக்கறதாலதானே கூப்பிடறாங்க? அப்புறம், கட்டிக்கப் போற பொண்ணுகிட்ட இதைச் சொல்லணுமா? ஹெபடைடிஸ் பி ஊசி போட்டுக்கோன்னும் சொன்னாங்க, அது எதுக்கு?


நம்பிக்கை_அக்கா:

மூணு மாசக் கணக்கு எல்லாருக்கும் சொல்றது தம்பி. நானும் எல்லாருக்கும் அதையேதான் சொல்லியிருக்கேன், விதி அப்படி. உங்களுக்காகத் தனியா யாரும் சந்தேகப்படலை. ஐப்பசி, கார்த்திகையில அந்தத் தேதி வரும், போய் எடுத்துட்டு ரசீதைக் கிழிச்சுப் போடுங்க. நடுவுல வெளி லேப் எதுக்கும் போகாதீங்க.

அவங்ககிட்டச் சொல்றதா வேண்டாமான்னு நான் சொல்ல மாட்டேன், அது மருத்துவக் கேள்வி இல்லை. அந்தச் சம்பவத்தால எச்.ஐ.வி. அவங்களுக்குப் போகப் போறதில்லை, அதனால மருத்துவத்துக்காகச் சொல்லியே ஆகணும்னு கட்டாயம் இல்லை. ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேந்து ஒரு தடவை ரத்தப் பரிசோதனை எடுத்துக்கலாம்னு நீங்களே முதல்ல பேச்செடுங்க. ஜாதகம் பாக்கறப்ப கூச்சப்படாதவங்க இதுக்கு ஏன் கூச்சப்படணும்?

ஹெபடைடிஸ் பி ரத்தத்துலயும் உறவுலயும் எச்.ஐ.வி.யைவிடச் சுலபமாப் பரவும், ஈரலைக் கெடுக்கும். அதுக்குத் தடுப்பூசி இருக்கு, எச்.ஐ.வி.க்கு இல்லை. மசாஜுக்காக இல்லை, கல்யாணம் ஆகப் போற எல்லாருக்கும் சொல்றதுதான். முதல்ல ரத்தத்துல இருக்கான்னு பாத்துட்டு, இல்லைன்னா மூணு தவணை: இன்னைக்கு, ஒரு மாசத்துல, ஆறாவது மாசத்துல. இப்பவே ஆரம்பிச்சா தைக்குள்ள ரெண்டு முடிஞ்சிடும், மூணாவதைக் கல்யாணத்துக்கு அப்புறம் மறக்காம போட்டுக்குங்க. அவங்களும் போட்டுக்கலாம்.


மருந்துக்கடை_பாலக்கோடு:

சார், அரிப்பு நின்னுருச்சுன்னு பாதியில மாத்திரைய விட்டுடாதீங்க. டாக்டர் எத்தனை வாரம் எழுதினாரோ அத்தனை வாரம். ஜீன்ஸை உள்பக்கம் வெளிய திருப்பி வெயில்ல போடுங்க. ரூம்மேட்டையும் அதே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க, இல்லைன்னா அவருகிட்ட இருந்து மறுபடி உங்களுக்கே வரும்.